கரடி டிக்கெட் வாங்கியதா?

கரடி டிக்கெட் வாங்கியதா, இல்லையா?

என் மகள் கேட்ட கேள்வி இது. அவளுக்கு அப்போது எட்டு வயது. போன ஆயுத பூஜை அன்று கேட்டாள். எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. அந்தக் கதையின் கடைசிப் பக்கங்கள் எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் கருகிவிட்டன. மிச்சப் பக்கங்களைப் பள்ளிக்கூடம் ஒரு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. இரண்டு இடத்திலும் புத்தகத்தின் மேல் இருந்த மரியாதையால்தான் இது நடந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நாங்கள் ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகிற வழியில் குடியிருக்கிறோம். கணவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நான் சேலத்தில் பிறந்து அங்கேயே பி.காம். முடித்துவிட்டு, கல்யாணமாகி மலையேறி வந்தவள். ஒரே மகள். ஏற்காட்டில் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிறாள். காலையில் அவளை பஸ்ஸில் கூட்டிப்போய் விடுவதும் சாயந்திரம் போய்க் கூட்டி வருவதும் என் வேலை.

மூன்றாம் வகுப்பு தொடங்கிய கொஞ்ச நாளில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பாசிரியை என் மகளின் முன்னாலேயே சொன்னார்.

"ரீடிங் நொம்ப வீக்குங்க மேடம். ஊட்டுல நீங்க படிக்க வைக்கறதில்லீங்களா?"

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் தலைமையாசிரியையின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரோரமாக ஒரு கண்ணாடி பீரோ. மேலிருந்து கீழ்வரை கதைப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி காக்கி அட்டை. கைப்பிடியில் ஒரு பூட்டு. நான் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே, "படிக்க வைக்கிறேனுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படிக்க வைத்தேன். அதுதான் தப்போ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். சேலம் போனபோது புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் வாங்கி வந்தேன். தினமும் சாயந்திரம் பால் குடித்ததும் அரை மணி நேரம் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவள் புத்தகத்தைப் பார்த்த நேரத்தைவிடக் கடிகாரத்தைப் பார்த்த நேரம் அதிகம். வயிறு வலிக்குது என்பாள், தண்ணி வேணும் என்பாள், "இன்னும் எத்தனை பக்கம்மா?" என்பாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு வார்த்தையைப் பிடிப்பதற்குள் முந்தின வார்த்தை கையைவிட்டுப் போயிருக்கும். நான் குரலை உயர்த்துவேன். அவள் அழுவாள். அப்புறம் நான் அழுவேன்.

யோசித்தால், நானும் பரீட்சைக்கு வெளியே ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்தவள் இல்லை. எனக்குத் தெரியாத ருசியை அவளுக்கு ஊட்டப் பார்த்தேன். ஆனால் அதற்காக முயற்சி செய்யாமல் இருந்திருக்க முடியுமா? இருந்திருந்தால், "படிச்ச அம்மா, இதைக்கூடச் செய்யலை," என்று சொல்லியிருக்க மாட்டார்களா?

காலாண்டு லீவு விடுவதற்கு முன்னால் துணிந்து தலைமையாசிரியையிடமே கேட்டேன்.

"மேடம், இந்த பீரோவுல இருந்து ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் லீவுக்குக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க. தமிழ்ன்னா அவளுக்குக் கொஞ்சம் சுளுவா வரும்."

அவர் சிரித்தார். "குடுத்தா திரும்பி வராதுங்க. வந்தாலும் கிழிஞ்சு வரும். போன வாட்டி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவங்க இந்த பீரோவைப் பாத்துட்டு எப்புடி மெச்சுனாங்க தெரியுங்களா? ஒரு புக்குல ஒரு மடிப்பு இல்லீங்க."

ஒரு மடிப்புகூட இல்லை என்றால் ஒரு குழந்தையும் படிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? இந்தப் பதில் எனக்கு வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் தோன்றியது. அங்கே நின்றபோது வாயில் வந்தது, "நான் பத்திரமா கொண்டாந்து தர்றேனுங்க மேடம்," என்பது மட்டும்தான். அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். "உங்களுக்காகத்தானுங்க. அப்படியே திரும்பி வரணும்."

மெல்லிசான, அகலமான புத்தகம். நீங்கள் அதன் பெயரைக் கேட்பீர்கள். காக்கி அட்டையில் ஒரு எண் மட்டும் எழுதியிருந்தது. முதல் தாளையும் அட்டையோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். பெயரே இல்லாமல்தான் அது எங்கள் கைக்கு வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து மகள் புத்தகத்தைத் திறந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே திறந்தாள். முதல் படத்தில் மலை உச்சி, மழை, ஒரு பஸ், அதில் ஏறுவதற்குக் காலைத் தூக்கியபடி ஒரு கரடி.

"அம்மா, கரடி பஸ் ஏறுது!"

"ஏறினா என்ன? எதுக்குன்னு படி."

எழுத்துக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தாள். மழை என்பதால் ஊரே கம்பளியைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. கரடியையும் கம்பளி போர்த்திய ஆள் என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து இடம் கொடுக்கிறார். அவள் அந்த இடத்துக்கு வந்த சமயம் எங்கள் பஸ் கண்டக்டர் பின்னாலிருந்து, "டிக்கெட், டிக்கெட்," என்று வந்தார். மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன சாமி சிரிப்பு? எம் மூஞ்சியில என்ன எழுதியிருக்குது?"

"நீங்க கரடிகிட்ட டிக்கெட் கேப்பீங்களா?"

கண்டக்டர் ஒரு நொடி யோசித்தார். "பொம்பளக் கரடின்னா ஃப்ரீ சாமி. ஆம்பளக் கரடின்னா கேப்பேன்."

"குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா விசில் அடிச்சு எறக்கி உட்ருவேன். கடிக்க வந்தா டிரைவர்கிட்ட அனுப்பிச்சுருவேன். அவருக்குத்தான் சம்பளம் ஜாஸ்தி."

முன்னாலிருந்து டிரைவர், "கேக்குதுய்யா, கேக்குது," என்றார். பஸ்ஸே சிரித்தது. என் மகள் எல்லோருக்கும் தெரியும்படி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். ரீடிங் வீக் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் புதிது. நான் அரை மணி நேரச் சட்டத்தை எடுத்துச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. காலையில் பல் தேய்த்ததும் வாசற்படிப் பக்கம் வெளிச்சத்தில் குப்புறப் படுத்துக்கொள்வாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் பாதிப் பக்கம். அவள் வேகம் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாதிப் பக்கத்தை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். கரடி கீழே டவுனுக்கு எதற்குப் போகிறது என்று எனக்கும் தெரியாது. அவள் படித்துச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று நான் முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் எனக்கு முடிவு தெரிந்தால் அவள் சொல்வதில் சுவாரசியம் போய்விடும் என்று நினைத்தேன். இன்று அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கதை இந்த இடத்தில் நின்றது: கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக வந்து கரடியின் சீட்டுக்கு முன்னால் நிற்கிறார். கையை நீட்டுகிறார். கரடி கம்பளிக்குள் கையை விடுகிறது. அதோடு பக்கம் முடிகிறது. அவள் திருப்பப் போகும்போது நான் வெளியிலிருந்து கூப்பிட்டேன், வீடு கழுவத் தண்ணீர் எடுத்துக்கொடுக்க. கூப்பிட்டது நான்தான்.

எங்கள் வீட்டில் மாமியார் இல்லை. பண்டிகைகளை முன்னின்று நடத்துபவர் கணவரின் அக்கா. அடுத்த வீட்டில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பூஜை அன்று காலையிலேயே சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். மண்வெட்டி, காப்பிச் செடியின் கிளை வெட்டும் கவாத்துக் கத்தி, தையல் மிஷின், மிக்ஸி, கேஸ் அடுப்பு, என் கணவரின் பைக், எல்லாவற்றுக்கும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தார். பிறகு சாமி படத்துக்கு முன்னால் பலகை போட்டு வெள்ளைத் துணி விரித்தார்.

"பொஸ்தகமெல்லாம் எடுத்தாந்து அடுக்கு கண்ணு. ஒண்ணு உடாம."

மகள் பள்ளிக்கூடப் புத்தகங்களை எல்லாம் சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். கணக்குப் புத்தகத்தை முதலில் கொடுத்தாள். நானும் சின்ன வயதில் அப்படித்தான். சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைத் தொடக்கூடாது, மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வரம். அன்று மட்டும் படி படி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இப்போதும் நான் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள்தான்.

கடைசியாகக் கரடிப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இதுவுமாம்மா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி, "அதும் பொஸ்தகந்தானே?" என்றார்.

"எல்லாந்தான் கண்ணு. நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்," என்று நானே வாங்கி வைத்தேன். அகலமான புத்தகம் என்பதால் அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் போனது. காக்கி அட்டையின் நடுவில் அண்ணி சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். பள்ளிக்கூடத்துப் புத்தகமாயிற்றே என்று எனக்குத் திக்கென்றது. ஆனால் தடுக்கவில்லை. சாமி காரியத்தில் குறுக்கே பேசினால் வீட்டில் அது எத்தனை நாள் பேச்சாகும் என்று எனக்குத் தெரியும்.

கணவர் எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோல் உரிக்கும் பல்ப்பர் மிஷினுக்கும் ஜீப்புக்கும் பூஜை முடித்துப் பொரி, கடலையோடு வந்தார். கும்பிட்டோம், சாப்பிட்டோம். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, ஒரே ஒரு பக்கம் படிச்சுட்டு வெச்சரட்டுமா?"

"இன்னைக்குத் தொடக்கூடாது சாமி."

"கண்டக்டர் நின்னுட்டே இருக்கறாரு அத்தை."

"நிக்கட்டும். ஒரு நாள்ல அவருக்குக் காலு வலிக்காது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அண்ணி தன் செல்போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இந்தா, போயிச் செல்லு பாரு. தொணதொணங்காத."

புத்தகம் கேட்ட பிள்ளைக்கு, புத்தகத்தின் பண்டிகை அன்று, புத்தகத்துக்குப் பதிலாகச் செல்போனைக் கொடுத்தோம். மிக்ஸிக்கு லீவு, கத்திக்கு லீவு, தையல் மிஷினுக்கு லீவு. செல்போனுக்கு மட்டும் ஏன் லீவு இல்லை? அதற்கு ஏன் யாரும் பொட்டு வைத்துப் பலகையில் ஏற்றவில்லை? அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

அவள் செல்போனைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணி "ஐயோ" என்று கத்தினார். நான் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடியில் இருந்த புத்தகத்தை இழுத்திருக்கிறாள். மேல் அடுக்கு சரிந்து, பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கில் பட்டு, எண்ணெயும் திரியும் அவள் கையிலிருந்த புத்தகத்தின் பின்பக்கம் விழுந்திருக்கின்றன. அவள் கீழே போட்டுவிட்டாள். அண்ணி வெறுங்கையால் திரியைத் தட்டிவிட்டுச் செம்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். அவர் உள்ளங்கை சிவந்து கிடந்தது. மகளுக்கு ஒரு காயமும் இல்லை. கடைசித் தாள்கள் கருகி, அதற்கு முந்தினவை நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

மகள் அழவில்லை. கருகின ஓரத்தைப் பார்த்தபடி என்னைக் கேட்டாள்.

"கரடி டிக்கெட் வாங்குச்சாம்மா, இல்லியா?"

அதைக் கேட்டதும்தான் அண்ணிக்குக் கோபம் பொங்கியது. அவள் கையைப் பிடித்து ஒரு அடி வைத்தார். "பாவாடையில புடிச்சிருந்தா என்னாவறது? இதுல கரடியாம், டிக்கெட்டாம்! தொடக்கூடாத நாள்ல தொட்டா படிப்பே வராமப் போயிரும். பாத்துக்கிட்டே இரு."

அவர் பயத்தில்தான் அடித்தார். எனக்குப் புரிகிறது. பாவாடையில் பிடித்திருந்தால் என்று எனக்கும் பயம்தான். ஆனால் "படிப்பு வராமப் போயிரும்" என்ற வார்த்தையை எந்தப் பிள்ளையிடம் சொன்னார்? ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளையிடம். கணவரிடம் சொன்னேன். "அக்காகிட்ட எதும் பேசிறாத. பண்டிகையும் அதுவுமா," என்றார். பண்டிகை முடிந்த பிறகும் அவர் பேசவில்லை.

மறுநாள் விஜயதசமி. புத்தகத்தைப் பலகையிலிருந்து எடுத்து ஒரு வரியாவது படித்துவிட்டு வைக்க வேண்டும், அதுதான் வழக்கம். அண்ணி தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்து நீட்டி, "படி சாமி, நல்லா வரும்," என்றார். மனது ஆறியிருந்தது அவருக்கு. மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்றாள். நான் பக்கத்தைப் பிடித்துக் காட்ட, தள்ளி நின்றே ஒரு வரி படித்தாள்.

பிரிக்கப் போனால் இன்னும் கிழியும் என்று ஒட்டிய பக்கங்களில் கை வைக்காமல், பள்ளிக்கூடம் திறந்த அன்று புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கூடவே சேலத்தில் வாங்கிய புதுக் கதைப் புத்தகம் ஒன்றையும் ஈடாகக் கொண்டு போனேன். நடந்ததை உள்ளபடி சொன்னேன். தலைமையாசிரியை குங்குமத்தையும் கருகின ஓரத்தையும் பார்த்துவிட்டு, பேப்பரோடு சேர்த்து இரண்டு விரலால் தூக்கி மேஜையில் வைத்தார்.

"இதுக்குத்தானுங்க நாங்க குடுக்கறதே இல்லை."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த வாரக் கடைசியில் பஜாரில் காய் வாங்கும்போது, மகள் வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, உங்க பாப்பா புக்கை எரிச்சுப்போட்டாளாமா? இனிமே யாருக்கும் லைப்ரரி புக்கு கெடையாதுன்னு சொல்லிட்டாங்களாமா. எம் பையன் ஊட்டுல வந்து சொல்றான்."

"உங்க பையன் இதுக்கு முன்னாடி லைப்ரரி புக்கு எடுத்திருக்கானுங்களா?"

"எங்கீங்க குடுத்தாங்க?"

"அப்ப போனது என்னங்க?"

அவர் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே, "இருந்தாலும்ங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மிஸ் அந்தப் புத்தகத்தை வகுப்பில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டியிருக்கிறார். புத்தகத்தை இப்படித்தான் வைத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சேர்ந்து, "நோ மிஸ்," என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்னே கண்ணு?"

"நானுந்தான் நோ மிஸ் சொன்னேன்."

திங்கட்கிழமை நான் திரும்பவும் தலைமையாசிரியையிடம் போனேன். இந்தத் தடவை பதில்களை வழியிலேயே யோசித்து வைத்துக்கொண்டு போனேன்.

"மேடம், புத்தகம் கெட்டுப்போச்சு. தப்புத்தான். ஆனா அவ ஏன் அதை எடுத்தான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"நாங்க அவளைத் திட்டலீங்களே. மத்த பசங்களுக்கு ஒரு எடுத்துக்காட்டா இருக்கட்டும்னு காட்டுனோம்."

"எதுக்கு எடுத்துக்காட்டுங்க? கதை என்னாச்சுன்னு தெரிஞ்சுக்காம இருக்க முடியாமப் போனதுக்கா? அதுக்குத்தானுங்களே நீங்க ரீடிங் ரீடிங்னு எங்களைக் கூப்பிட்டுச் சொல்றீங்க?"

"நீங்க நொம்ப உணர்ச்சிவசப்படறீங்க மேடம்."

"சரிங்க. அந்தப் புத்தகத்தை எனக்கே குடுத்துருங்க. புதுசுதான் குடுத்துட்டேனே. ஒட்டுன பக்கத்தைப் பிரிச்சுப் பாக்கறேன். மிச்சம் இருக்கறதையாவது அவ படிக்கட்டும்."

"அது டேமேஜ் ஆன புக்குங்க. ஸ்டாக்ல இருக்குது. வெளிய குடுக்கறதுக்கில்லை."

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி பீரோவின் அடித்தட்டில் அது இருந்தது. பாதி எரிந்த, பொட்டு வைத்த, ஒருவரும் படிக்க முடியாத புத்தகத்துக்கும் பூட்டு. அதற்கு மேல்தட்டில், நான் வாங்கிக் கொடுத்த புதுப் புத்தகத்துக்கு அதற்குள் காக்கி அட்டை போட்டு எண் எழுதி வைத்திருந்தார்கள். நான் வாங்கிய புத்தகம்! அதையும் யாரும் தொடப்போவதில்லை.

நான் ஒரு மாதிரியாகக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதிகம் பேசிவிட்டேனோ என்று அன்று முழுவதும் பயமாக இருந்தது. என் மேல் உள்ள கோபத்தை அவள் மேல் காட்டினால்? எங்கள் வசதிக்கு வேறு பள்ளிக்கூடம் என்றால் சேலத்துக்குத்தான் போக வேண்டும். குறைவாகப் பேசிவிட்டேனோ என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படித் தோன்றும் என்று கேட்காதீர்கள். தோன்றுகிறது.

என் கோபம் இதுதான். வீட்டில் புத்தகத்தைச் சாமி என்று தொடக்கூடாது என்கிறோம். பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைச் சொத்து என்று தொடக்கூடாது என்கிறார்கள். தொடாமல் ஒரு பிள்ளை எப்படி அய்யா படிக்கும்? பிறகு நாமே கூடி உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனை விடுவதில்லை, புத்தகமே படிப்பதில்லை என்று பேசுகிறோம். பிள்ளையின் கையில் செல்போனை யார் கொடுத்தது? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது என் மகள் புத்தகத்தைக் கையால் தொடுவதில்லை. பாடப் புத்தகத்தை நான்தான் பையிலிருந்து எடுத்துத் திறந்து வைக்க வேண்டும். பக்கத்தை ஸ்கேல் நுனியால் திருப்புகிறாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு நாள் ஸ்கேலைக் காணவில்லை என்று, திருப்ப வேண்டிய பக்கத்துக்கு முன்னால் திருப்பாமலே உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எழுத்துக்குக் கீழே வைத்து நகர்த்துவாளே, அந்த விரல் இப்போது மடியில் மடங்கிக் கிடக்கிறது. விரல் இல்லாமல் அவளுக்கு வரி தவறுகிறது. வரி தவறுவதால் ரீடிங் இன்னும் வீக் என்கிறார்கள். சுமாராகவாவது இருந்த கணக்கிலும் இப்போது மார்க் குறைய ஆரம்பித்திருக்கிறது.

அந்தக் கதையைத் தேடி நான் சேலத்தில் ஏறி இறங்காத புத்தகக் கடை இல்லை. "கரடி பஸ் ஏறுமுங்க" என்று நான் ஆரம்பித்தால் கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பெயர் தெரியாமல் எப்படிக் கேட்பது? பள்ளிக்கூட ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் எண்ணும் விலையும் மட்டும்தான் இருக்கின்றனவாம். அண்ணிகூட ஒரு நாள் தயங்கித் தயங்கி, "அந்தக் கரடிப் பொஸ்தகம் வேற எங்கியும் கெடைக்கலியா?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, தான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "படிப்பு வரும் சாமி, நான் சும்மா சொன்னேன்," என்று ஒரு தடவை சொல்லுங்கள் அண்ணி என்று நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "சாமி விசயத்துல சும்மா சொன்னேன்னு எப்புடிம்மா சொல்றது?" என்கிறார்.

போன வாரம் பஸ்ஸில் அதே கண்டக்டர். அவருக்கு எங்களை நினைவிருக்கிறது.

"என்ன சாமி, உங்க கரடி ஊரு போயிச் சேந்துச்சா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு முன்னால் போனார். ரொம்ப நேரம் கழித்து, வளைவில் பஸ் திரும்பும்போது, மகள் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, அது பொம்பளக் கரடியா இருந்தா டிக்கெட் வேண்டாமில்ல?"

இத்தனை மாதமாக அவள் அந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கண்டக்டர் நீட்டின கை அப்படியே இருக்கிறது. கரடி கம்பளிக்குள் விட்ட கையும் அப்படியே இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். ஆமாம் கண்ணு, பொம்பளக் கரடிதான், இறங்கிப் போய்ச் சந்தையில் தேன் விற்றுவிட்டு வந்தது என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. சொல்லவில்லை. நான் இட்டுக்கட்டி முடித்துவிட்டால், புத்தகத்தைத் திறந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆசையையும் நானே முடித்துவிடுவேனோ? சொல்லாமல் இருந்தால், அவளாகவே சலித்துப்போய் ஒரு நாள் மறந்துவிடுவாளோ?

இந்த வருட ஆயுத பூஜை வந்துகொண்டிருக்கிறது. அண்ணி சந்தனக் கிண்ணத்தோடு வருவார், ஒன்று விடாமல் எடுத்து வா என்பார். அன்று ஒரே ஒரு கதைப் புத்தகத்தைப் பலகையில் ஏற்றாமல், என் மகள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று நான் நிற்கலாமா? அப்படிச் செய்தால் அவள் தொடுவாளா, இல்லை, தொடக்கூடாத நாளில் அம்மாவே தொடச் சொல்கிறாள் என்று இன்னும் மிரண்டுவிடுவாளா? எனக்குத் தெரியவில்லை. என் வீட்டில் கேட்க ஆளில்லை, பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். பயந்துபோன ஒரு பிள்ளையின் கையைத் திரும்பப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தவர் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். அந்தக் கதையை எங்காவது படித்தவர் இருந்தால், முடிவை மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். புத்தகத்தின் பெயரைச் சொல்லுங்கள், போதும். மிச்சத்தை அவள் விரல் வைத்துப் படித்துக்கொள்ளட்டும்.